கொம்புத் தவளைக்கு வீடு: வீவக வீட்டிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

சிங்கப்பூரின் ஈசூனில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய எங்கள் நான்கறை அடுக்குமாடி வீட்டில், டிவிக்குக் கீழே இருக்கும் அலமாரியில் ஒரு கொம்புத் தவளை குடியிருக்கிறது. பெயர் கொழுக்கட்டை. வந்து ஆறு வருடமாகிறது. வீட்டுக்கு வருபவர்கள் முதலில் "இது நிஜமா, பொம்மையா?" என்பார்கள். அப்புறம் கேள்விகள் ஆரம்பிக்கும். போன மாதம் பொங்கோலில் இருக்கும் என் தம்பி மகன் தானும் ஒன்று வாங்கப்போவதாகச் சொல்லி, "அத்தை, இது எப்படி, அது எப்படி" என்று வாட்ஸ்அப்பில் கேட்டுத் தள்ளிவிட்டான். குரல் பதிவு அனுப்பி அனுப்பித் தொண்டை கட்டிக்கொண்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். அவன் கேட்டதோடு, எங்கள் புளோக் பிள்ளைகளும் என் மாமியாரும் கேட்டவையும் இதில் உண்டு.

முதலில், இது என்ன தவளை?

தென்னமெரிக்கத் தவளை. கண்ணுக்கு மேலே தோல் சின்னக் கூம்பு மாதிரி தூக்கிக்கொண்டிருப்பதால் கொம்புத் தவளை என்று பெயர். கடைகளில் பேக்மேன் தவளை என்பார்கள். 1980இல் வந்த அந்த வீடியோ விளையாட்டில் வாயைத் திறந்துகொண்டு எல்லாவற்றையும் விழுங்கும் மஞ்சள் உருண்டை நினைவிருக்கிறதா? அதேதான். உடம்பில் பாதி வாய்.

செல்லப்பிராணியாக அதிகம் கிடைப்பது செராடோஃப்ரிஸ் கிரான்வெல்லி என்ற இனம். அர்ஜென்டினா, பராகுவே, பொலிவியா, பிரேசில் நாடுகளில் பரவிக் கிடக்கும் சாக்கோ என்ற வறண்ட காட்டுப் பகுதியைச் சேர்ந்தது. அங்கே மழைக்காலம் கொஞ்ச நாள்தான். மீதி நாளெல்லாம் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். பெண் தவளை நன்றாக வளர்ந்தால் உள்ளங்கையை நிறைக்கும், 10 முதல் 14 செ.மீ. வரை. ஆண் அதைவிடச் சிறியது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பத்து வருடத்துக்கு மேலும் இருக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஆசைப்பட்டு வாங்கினால், அவன் இங்கே கட்டாயமான தேசிய சேவைக்கு (ராணுவப் பயிற்சி போன்றது) போகும்போது பார்த்துக்கொள்ளப்போவது அம்மாதான்.

சிங்கப்பூரில் வளர்க்க அனுமதி உண்டா?

கடைக்குப் போவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. இங்கே எதை வேண்டுமானாலும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. பாம்பு, உடும்பு மாதிரியான இகுவானா, முள்ளெலி எல்லாம் சட்டப்படி கூடாது. தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் ஏவிஎஸ் (விலங்கு, கால்நடை மருத்துவச் சேவை), எந்தெந்த விலங்குகளை வளர்க்கலாம் என்ற பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது. வாங்கப்போகும் தவளையின் அறிவியல் பெயரைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி, வாங்கும் நாளன்று அந்தப் பட்டியலில் பாருங்கள். உரிமம் உள்ள கடையில் மட்டும் வாங்குங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். டெலிகிராமில் "ஜொகூரிலிருந்து வந்தது, விலை குறைவு" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்?

வளர்ந்த தவளைக்கு 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம் உள்ள கண்ணாடித் தொட்டி தாராளம். உயரம் 30 செ.மீ. போதும், இது மரமேறும் தவளை அல்ல. ஒரே இடத்தில் உட்கார்ந்து, எதிரே வருவதை விழுங்கும் ஜாதி.

குட்டியாக வாங்கினால் உடனே பெரிய தொட்டியில் போடாதீர்கள். நாணயத்தைவிடக் கொஞ்சமே பெரிதாக இருக்கும் குட்டி, பெரிய தொட்டியில் இரை ஒரு மூலையிலும் தான் ஒரு மூலையிலுமாகப் பட்டினி கிடக்கும். மூடியில் காற்றுத் துளை உள்ள சின்ன பிளாஸ்டிக் பெட்டி முதல் சில மாதங்களுக்குப் போதும்.

மூடி கட்டாயம். வலை மூடி நல்லது. வீட்டில் பூனை இருந்தால் மூடிக்குக் கொக்கியும் போடுங்கள். 2024 செப்டம்பரிலிருந்து வீவக வீடுகளில் பூனை வளர்க்கலாம் என்றானபின் எங்கள் தளத்திலேயே மூன்று பூனைகள். அதில் ஒன்று கொழுக்கட்டையைப் பார்ப்பதற்கென்றே எங்கள் வாசல் கிரில் பக்கம் வந்து உட்கார்ந்திருக்கும்.

வீடியோக்களில் எல்லாரும் ஹீட் மேட் வைக்கிறார்களே, நானும் வாங்கவா?

வாங்காதீர்கள். நான் வாங்கினேன்.

முதல் வாரம் அது. இங்கிலாந்துக்காரர் ஒருவரின் வீடியோவைப் பார்த்து, அவர் சொன்னபடியே ஒரு சூட்டு விரிப்பை வாங்கித் தொட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒட்டினேன். வேலை முடிந்து வந்து பார்த்தால் தொட்டிக்குள் வெப்பமானி 33 காட்டுகிறது. மண்ணுக்குள் இருக்க வேண்டிய தவளை தண்ணீர்க் கிண்ணத்தில் கால்களைப் பரப்பி, கல்லில் ஊற்றிய தோசை மாதிரி தட்டையாகக் கிடந்தது. தொண்டை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கி, ஏர்கான் போட்டு, ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிழைத்துக்கொண்டது.

இந்தத் தவளைக்கு 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் நல்லது. 30ஐத் தாண்டி நின்றுவிட்டால் ஆபத்து. லண்டனில் குளிர்காலத்தில் அறையே 18 டிகிரி. அவர்களுக்குச் சூடு வேண்டும். நமக்கு விடியற்காலையில் 24, 25. மத்தியானம் 31, 32. 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. 1983இல் தெங்காவில் பதிவான உச்சத்துக்குச் சமம். அன்று எங்கள் வீட்டில் முதலில் ஏர்கான் போட்டது பிள்ளைகளுக்கு இல்லை, தவளைக்கு.

ஆகவே வெளிநாட்டுக் குறிப்புகளில் "சூடேற்றுங்கள், ஈரப்பதத்தைக் கூட்டுங்கள்" என்று வரும் இடத்தையெல்லாம் இங்கே தலைகீழாகப் படிக்க வேண்டும். நம் வேலை சூட்டைக் குறைப்பதும் காற்று ஓடவிடுவதும்தான். ஹீட் மேட்டுக்கு வைத்திருந்த காசில் நல்ல டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். ஈரப்பதமும் காட்டுவதாக இருந்தால் இன்னும் நல்லது.

சரி, எப்படிக் குளிர்ச்சியாக வைப்பது? நாள் முழுக்க ஏர்கான் போட முடியாதே?

போட வேண்டாம். பாதி வேலை இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே முடிந்துவிடும்.

எங்கள் வீடு மேற்குப் பார்த்தது. மூன்று மணிக்கு மேல் ஹால் சன்னல் பக்கம் நிற்க முடியாது. அதனால் தொட்டி உள்சுவர் ஓரம், தரையை ஒட்டிய தட்டில். சூடான காற்று மேலே போகும் என்பதால் தாழ்வான இடம் எப்போதும் ஒன்றிரண்டு டிகிரி குறைவாக இருக்கும். குளிர்பெட்டி மேல், இணைய மோடத்துக்குப் பக்கத்தில், சமையலறையில் எல்லாம் வைக்கக் கூடாது. வெயில் நேராக விழும் இடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்தால் அது அடுப்பு. வீட்டுக் காப்பறை (குண்டு விழுந்தால் பதுங்கும் அறை) குளுகுளுவென்று இருக்கிறதே, அங்கே வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். அந்த இரும்புக் கதவை மூடிவிட்டால் காற்றோட்டமே இருக்காது. வேண்டாம்.

ரொம்பச் சூடான நாட்களில் அரை லிட்டர் புட்டியில் தண்ணீரை உறையவைத்து, துணியில் சுற்றி, தொட்டிக்கு வெளியே ஒரு பக்கக் கண்ணாடியை ஒட்டி வையுங்கள். ஒரு பக்கம் மட்டும். எந்தப் பக்கம் வேண்டும் என்று அதுவே நகர்ந்துகொள்ளும். சின்ன யூஎஸ்பி விசிறியை வலை மூடிக்கு மேலே ஓடவிட்டாலும் சூடு கொஞ்சம் இறங்கும். ஆனால் மண் சீக்கிரம் காயும், அதைக் கவனிக்க வேண்டும்.

ஏர்கான் அறையில் வைத்தால் 26இல் விடுங்கள். குளிர்காற்று தொட்டியில் நேராக அடிக்கக் கூடாது. ஏர்கான் காற்றை வறட்டிவிடும் என்பதால் இரவில் வலை மூடியில் பாதியை கிளிங் ராப்பால் மூடிவிடுவேன், காலையில் எடுத்துவிடுவேன்.

அடியில் என்ன போடுவது?

தேங்காய் நார்த்தூள். செல்லப்பிராணிக் கடையில் அழகான உறையில் வெளிநாட்டுப் பெயரோடு செங்கல் மாதிரி அழுத்தி விற்பார்கள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் இந்தியா அல்லது இலங்கை என்றிருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் மட்டை உரிக்கும் இடங்களில் மலைமலையாகக் குவிந்து கிடப்பது இதுதான். தென்னமெரிக்கத் தவளைக்கு நம் ஊர்த் தேங்காய் நார் இவ்வளவு பொருந்தும் என்று யார் கண்டார்கள்!

இந்தத் தவளைக்கு மண்தான் வீடு. தொட்டி வெறும் வெளிச்சுவர். பின்னங்காலில் மண்வெட்டி மாதிரி ஒரு கடினமான மேடு இருக்கும். அதை வைத்துத் தோண்டி, பின்பக்கமாகவே உள்ளே இறங்கி, கண் மட்டும் வெளியே தெரிய உட்காரும். சூடு அதிகமானால் இன்னும் கீழே போகும். ஆகவே ஆழம் முக்கியம். பெரிய தவளைக்கு 8 முதல் 10 செ.மீ. குட்டிக்கு அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு. ஒரு பக்கம் கொஞ்சம் மேடாக்கி வைத்தால் ஈரமான பகுதி, காய்ந்த பகுதி இரண்டும் கிடைக்கும்.

ஈரம் எவ்வளவு என்பதற்கு வெளிநாட்டு வீடியோக்களில் ஏதேதோ அளவு சொல்வார்கள். நமக்கு அது தேவையில்லை. புட்டுக்கு மாவு பிசைவதை நினைத்துக்கொள்ளுங்கள். பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிழிந்தால் ஒரு சொட்டு வரலாம். கையில் ஒழுகினால் அதிகம். சேறாக இருந்தால் வயிற்றுத் தோல் புண்ணாகும், காய்ந்து புழுதி பறந்தால் தவளை வற்றிப்போகும். என் மாமியார் முதல் நாள் தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்து, "இன்னும் ரெண்டு கை தண்ணி தெளிம்மா" என்றார். அவர் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

தாம்சன் ரோடு நர்சரிகளில் கிடைக்கும் நார்த்தூளும் பயன்படும். உரம் கலக்காததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளை வெள்ளையாக பெர்லைட் உருண்டை கலந்த மண் வேண்டவே வேண்டாம்.

கூழாங்கல் போட்டால் அழகாக இருக்குமே?

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். பழமொழியில் அது கத்தி மாட்டிக்கொள்கிறது, இங்கே விழுங்கி மாட்டிக்கொள்கிறது. இரையைப் பாய்ந்து பிடிக்கும்போது பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து வாய்க்குள் போகும். நார்த்தூள் கொஞ்சம் போனால் பெரும்பாலும் வெளியேறிவிடும். கூழாங்கல், மரப்பட்டைத் துண்டு, நீளமான பாசி எல்லாம் குடலில் அடைத்துக்கொள்ளும். எனக்கும் ஒரு கடையில் "இது போட்டால் கழுவுவது சுலபம்" என்று வெள்ளைக் கல் பை ஒன்றைக் கட்டிக் கொடுத்தார்கள். அது இப்போது ரோஜாத் தொட்டியில் கிடக்கிறது.

நாக்கு எவ்வளவு ஒட்டும் என்பதற்கு ஒரு செய்தி. ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் 2014இல் இந்தத் தவளைகளின் நாக்கை அளந்து பார்த்தார்கள். கண்ணாடித் தகட்டுக்குப் பின்னால் பூச்சியை வைத்து நாக்கை அடிக்கவைத்ததில், பல நேரம் தவளையின் உடல் எடையைவிட அதிகமான விசையோடு ஒட்டியது. அப்படிப்பட்ட நாக்குக்கு ஒரு கூழாங்கல் எம்மாத்திரம்?

தண்ணீர்? குழாய்த் தண்ணீரை ஒரு நாள் பிடித்துவைத்து ஊற்றினால் போதும்தானே?

போதாது. இங்கே நிறையப் பேர் தவறுவது இதில்தான்.

வாளியில் ஓர் இரவு பிடித்துவைத்தால் குளோரின் பறந்துவிடும் என்பது பழைய கணக்கு. சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் கிருமிநாசினியாக இருப்பது குளோரமைன். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது. அது லேசில் பறக்காது. குழாய் வழியே கடைசி வீடுவரை கிருமியைத் தடுக்க வேண்டும் என்பதற்காகத்தானே அதைச் சேர்க்கிறார்கள். நமக்குக் குடிக்க ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. கிண்ணத்திலும் மண்ணிலும் என்ன கலந்திருக்கிறதோ அது நேராக உடம்புக்குள் போகும்.

மீன் கடையில் குளோரின் நீக்கும் மருந்து கிடைக்கும். புட்டியில் குளோரமைனையும் நீக்கும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கிண்ணத்துக்கு ஊற்றுவது, மண்ணில் தெளிப்பது, நார்த்தூள் செங்கல்லை ஊறவைப்பது, மூன்றுக்கும் இந்தத் தண்ணீர்தான். நான் ஞாயிறு தோறும் இரண்டு பெரிய புட்டியில் கலந்து வைத்துவிடுவேன்.

கிண்ணம் அகலமாக, ஆழமில்லாமல் இருக்க வேண்டும். தவளை உட்கார்ந்தால் தண்ணீர் அதன் தாடைக்குக் கீழே நிற்கும் அளவு போதும். தவளை என்றால் நீந்தும் என்று நினைக்காதீர்கள். இது நீச்சலில் கத்துக்குட்டி, ஆழமான தண்ணீரில் மூழ்கிப்போகும்.

தேங்கின தண்ணீர் வைத்தால் கொசு வராதா?

தினமும் மாற்றினால் வராது. ஏடிஸ் முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும். எப்படியும் கொழுக்கட்டை பெரும்பாலும் கிண்ணத்தில்தான் மலம் கழிக்கும், ஆகவே மாற்றாமல் இருக்கவும் முடியாது. டெங்கிச் சோதனைக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியத்திலிருந்து வந்த அதிகாரி ஒருமுறை டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். கிண்ணத்தில் ஒன்றுமில்லை. ஆனால் மண்ணிலிருந்து இரண்டு கண் அவரையே பார்த்ததில் ஒரு அடி பின்னால் போய்விட்டார்.

விளக்கு வேண்டுமா?

அறை வெளிச்சமே போதும். பகல் பகலாகவும் இரவு இரவாகவும் தெரிந்தால் சரி. குறைந்த அளவு யூவிபி (புற ஊதா) விளக்கு வைப்பவர்கள் உண்டு, தவறில்லை, அதன் சூட்டை மட்டும் பாருங்கள். நான் வைக்கவில்லை. பதிலுக்கு வைட்டமின் டி3 சேர்த்த கால்சியம் தூளை உணவில் தூவிக் கொடுக்கிறேன்.

செடி, அலங்காரம்?

மணி பிளான்ட் தண்டு ஒன்று ஓரத்தில் நட்டால் பிழைக்கும். வேறு எது நட்டாலும் ஒரே ராத்திரியில் தோண்டி மல்லாக்கிவிடும். குட்டிக்குப் பதுங்க ஒரு பாதித் தேங்காய்ச் சிரட்டை, உள்ளே நன்றாகச் சுரண்டி, கொதிக்கவைத்துக் கழுவியது. மேலே பரப்ப, மீன் கடையில் விற்கும் காய்ந்த கெட்டாப்பாங் (நாட்டு வாதுமை) இலை. புளோக்குக்குக் கீழே இலவசமாக உதிர்ந்து கிடப்பதை எடுக்காதீர்கள், அங்கே பூச்சி மருந்து அடிப்பார்கள்.

தனியாக இருந்தால் பாவம் இல்லையா, ஜோடி வாங்கலாமா?

கூடாது. இரண்டு வைத்தால் ஒன்றுதான் மிஞ்சும், அதுவும் குண்டாக.

என்ன சாப்பிடும்? எத்தனை தடவை?

சுவர்க்கோழிதான் தினப்படிச் சாப்பாடு. கடையில் கிரிக்கெட் என்று கேளுங்கள். பறவைக்கும் அரோவானா மீனுக்கும் வாங்குபவர்கள் இருப்பதால் சிராங்கூன் நார்த் மாதிரி இடங்களில் சுலபமாகக் கிடைக்கும். மண்புழு அதைவிட நல்லது. மீல்வார்ம், சூப்பர்வார்ம் என்ற புழுக்கள் எப்போதாவது. குட்டிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள். பெரியதற்கு வாரம் ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. கொடுத்தால் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும், போதும் என்று சொல்லத் தெரியாது. இரையின் பருமன் அதன் இரு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளிக்குள் அடங்க வேண்டும்.

நீளமான இடுக்கியால் பிடித்து முகத்துக்கு முன்னால் ஆட்டுங்கள். முனையில் ரப்பர் இருந்தால் வாயில் அடிபடாது. கல்லுப்போல் உட்கார்ந்திருக்கும், முன்னங்கால் ஒரு விரலளவு நகரும், அடுத்த கணம் இடுக்கியில் ஒன்றும் இருக்காது. கண்ணை உள்ளே இழுத்து இழுத்து விழுங்குவதைப் பாருங்கள். கண்ணுருண்டையே இரையை உள்ளே தள்ளுகிறது.

மீன் கடைகளில் அரோவானாவுக்காக உயிரோடு சின்னத் தவளைகள் விற்பார்கள். அவற்றைக் கொடுக்காதீர்கள். புழுவும் தோல் பூஞ்சையும் அதன் வழியே வந்து சேரும். வீட்டுக் கரப்பானும் வேண்டாம், அது எங்கே எந்த மருந்தைத் தின்றதோ தெரியாது.

மண்ணுக்குள் போய் நான்கு நாளாகிறது. செத்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் அதுதான் காரணம். இந்தத் தவளைகள் வறட்சியில் தோலை அடுக்கடுக்காக உரித்து உடம்பைச் சுற்றிக் காகிதம் மாதிரி ஓர் உறை கட்டிக்கொண்டு, மழை வரும்வரை உள்ளேயே கிடக்கும். சாக்கோவில் அது பிழைக்கும் வழி. உங்கள் வீட்டு ஏர்கான் அறையில் அது நடந்தால் தண்ணீர் தெளிக்க மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். மருந்து கலந்த தண்ணீரை மெதுவாகத் தெளித்து, ஒரு நாள் பொறுங்கள். தோண்டித் தோண்டிப் பார்க்க வேண்டாம்.

வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, மூச்சு முட்டுகிறதோ?

தம்பி மகன் இரவு பதினொரு மணிக்கு வீடியோ அழைப்பில் கூப்பிட்டது இதற்காகத்தான். கடைக்காரர் வீட்டில் வாங்கப்போகும் தவளையைப் பார்க்கப் போயிருந்தான். அது தோல் உரிக்கிறது. முதலில் உடம்பு மங்கலாகி, எண்ணெய் தடவியது மாதிரி பளபளக்கும். அப்புறம் முதுகை வளைத்து, பக்கங்களை உப்பி, கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறக்கும். நன்றாகப் பார்த்தால் வாய் ஓரத்தில் பால் ஆடை மாதிரி மெல்லிய தோல் ஒன்று உள்ளே இழுபடுவது தெரியும். முன்னங்காலால் கண்ணைத் துடைத்துத் துடைத்து, சட்டையைத் தலைவழியே கழற்றுவதுபோல் கழற்றி, அப்படியே விழுங்கிவிடும். ஒரு கால் மணி நேரத்தில் புதுத் தவளை. தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். தோல் உரிக்கும் வேலை எதுவும் இல்லாமல் நாள் முழுக்க வாயைத் திறந்தே வைத்திருந்தால்தான் மருத்துவர்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடலாமா?

எங்கள் வீட்டில் பெரிய பஞ்சாயத்தே நடந்தது. மாமியாருக்குச் சாம்பிராணி இல்லாமல் வெள்ளிக்கிழமை விடியாது. ஆனால் தவளை தோலாலும் மூச்சு விடுகிறது. புகையும் வாசனைத் திரவியமும் ஈரத் தோலில் படிந்தால் ஆகாது. கடைசியில் பூசை அறையோடு தூபக்காலை நிறுத்திக்கொள்வது, அந்த நேரம் தொட்டியைப் படுக்கையறைக்குத் தூக்கிச் சென்று கதவைச் சாத்துவது என்று முடிவானது. இப்போது நான் மறந்தாலும் அவர், "கொழுக்கட்டையை உள்ளே வச்சிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் கரியைப் பற்றவைக்கிறார்.

கொசுவர்த்தி, கரப்பான் ஸ்பிரே, கண்ணாடி துடைக்கும் திரவம், அறை வாசனைப் புட்டி எல்லாவற்றுக்கும் இதே விதி. சீனர்களின் ஏழாம் மாதத்தில் முன்னோருக்காகக் கீழே காகிதம் எரிக்கும்போதும், புளோக்கில் கொசுப் புகை அடிக்கும்போதும் சன்னலைச் சாத்திவிடுங்கள்.

நாற்றம் வருமா? எப்படிச் சுத்தம் செய்வது?

தினமும் மலத்தைக் கரண்டியால் அள்ளி, கிண்ணத்தைக் கழுவி வைத்தால் வராது. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மண்ணை முழுக்க மாற்ற வேண்டும். அதன் கழிவில் வரும் அம்மோனியா மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். அதன்மேல் உட்கார்ந்திருக்கும் தவளை அதையே தோலால் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். நன்றாக இருந்த தவளை திடீரென்று அமைதியில்லாமல் தொட்டிக்குள் குதித்துக்கொண்டே இருந்தால் உடனே மண்ணை மாற்றி, சுத்தமான தண்ணீரில் உட்காரவையுங்கள். தொட்டியைச் சுடுதண்ணீரால் தேய்த்துக் கழுவினால் போதும். சோப்பு வேண்டாம்.

ராத்திரி கத்துமா?

ஆண் கத்தும். டிசம்பர் மழையில் இடி இடித்தால் கொஞ்சம் அதிகமாக. பெண் பெரும்பாலும் ஊமை. ஆனால் பயந்தால் எதுவானாலும் ஒரு குழந்தை அலறுவதுபோல் அலறும். முதல் தடவை கேட்டபோது கையில் இருந்த கிண்ணத்தைப் போட்டுவிட்டேன்.

கையில் எடுத்துக் கொஞ்சலாமா?

பார்த்து ரசிக்கும் பிராணி இது. நம் கையின் உப்பும் சூடும் கிரீமும் அதற்கு ஆகாது. மண் மாற்றும் நாளில் மட்டும், பவுடர் இல்லாத கையுறையை ஈரமாக்கி, பின்னாலிருந்து தூக்குவேன். முன்னாலிருந்து விரலை நீட்டினால் அது இரை என்றுதான் நினைக்கும். 2017இல் வெளியான ஓர் ஆய்வில், தலை 4.5 செ.மீ. அகலமுள்ள கொம்புத் தவளை சுமார் 30 நியூட்டன் விசையோடு கடிப்பதாக அளந்தார்கள். மூன்று கிலோ அரிசிப் பையை விரல் நுனிமேல் வைத்த மாதிரி. கடித்துவிட்டால் இழுக்காதீர்கள், அதன் தாடை கிழிந்துவிடும். தண்ணீருக்குள் கையைத் தாழ்த்தினால் விட்டுவிடும். தொட்டாலும் தொட்டியைச் சுத்தம் செய்தாலும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சால்மொனெல்லா இருக்கலாம்.

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போனால்?

வளர்ந்த ஆரோக்கியமான தவளை ஒரு வாரம், பத்து நாள் சாப்பிடாமல் தாங்கும். தண்ணீர் மாற்றாமல் தாங்காது. பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக்கிடம் (மலாயில் ஆன்ட்டி மாதிரி) மருந்து கலந்த புட்டிகளையும் ஒரு தாளையும் கொடுத்துவிட்டுப் போவேன். தாளில் மூன்றே வரி: கிண்ணம் மாற்றவும், மண் தொட்டுப் பார்க்கவும், விரல் நீட்ட வேண்டாம். குட்டியாக இருந்தால் உணவும் கொடுக்கத் தெரிந்தவரிடம்தான் விட வேண்டும்.

உடம்பு சரியில்லை என்று எப்படித் தெரியும்?

வயிறும் தொடையும் சிவந்திருந்தால், உடம்பு பலூன்போல் உப்பினால், கண் வெள்ளை படர்ந்தால், பின்பக்கத்திலிருந்து சதை வெளியே தள்ளினால், தாடை தொளதொளவென்றிருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். எல்லாக் கால்நடை மருத்துவரும் தவளை பார்ப்பதில்லை. தவளையை வாங்குவதற்கு முன்பே இரண்டு கால்நடை மருத்துவமனைகளுக்குப் போன் செய்து கேட்டு, எண்ணைக் குளிர்பெட்டியில் ஒட்டிவிடுங்கள். எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோக முடியாது. ஈரத்தாள் விரித்த துளையுள்ள டப்பாவில் வைத்து, ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லி வாடகை வண்டியில் போங்கள். ஏர்கான் காற்று டப்பாமேல் படாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வளர்க்க முடியாமல் போனால் மெக்ரிட்சி காட்டில் விட்டுவிடலாமா?

கூடாது. சட்டப்படி குற்றம். புண்ணியம் என்று பிராணிகளை விடுபவர்கள் இருப்பதால், ஒவ்வொரு விசாக தினத்தை ஒட்டியும் தேசியப் பூங்காக் கழகம் பிராணிகளை விடாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான். தொட்டியில் வளர்ந்தது வெளியே பிழைக்காது. பிழைத்துவிட்டால் இன்னும் மோசம், இங்கிருக்கும் தவளைகளையே அது தின்னும், நோயும் பரப்பும். வாங்கின கடையையோ, முறையாக வளர்க்கத் தெரிந்த இன்னொருவரையோ கேளுங்கள்.

கடைசியாக ஒன்று, ஆன்ட்டி. அதுக்கு உங்களை அடையாளம் தெரியுமா?

ஆறாவது மாடி மதுமிதா கேட்டது. தெரியாது கண்ணு. இடுக்கியை நன்றாகத் தெரியும். அதை எடுத்துக்கொண்டு யார் போனாலும் கொழுக்கட்டை முகத்தைத் திருப்பிப் பார்க்கும்.